பாடசாலை மணியின் வரலாறு

காலையிற் பாடசாலை மணி ஒலிக்கின்றது. வாயிலுக்கு உள்ளே நிற்கும் பிள்ளை வரிசையிற் சேர்கின்றான். நூறு யார் தூரத்தில் வந்துகொண்டிருக்கும் பிள்ளை ஓடத் தொடங்குகின்றான். இருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு இரண்டு நிமிடந்தான். ஆயினும் ஒருவன் நேரந் தவறாதவன் என்றும், மற்றவன் பிந்தி வந்தவன் என்றும் பெயர் பெறுகின்றனர். இந்த இரண்டு நிமிடத்துக்கு இத்துணைப் பெறுமதி எங்ஙனம் வந்தது? உலகந் தோன்றிய நாள் முதலாய் மாணாக்கர் மணி கேட்டுப் பள்ளிக்கு ஓடினரா? இல்லை. நேரத்துக்குப் பள்ளி செல்லுதல் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தால், அவ்வழக்கம் ஏன் வேண்டப்படுகின்றது என்பதும், அதனை யாரிடத்து எவ்வளவு கண்டிப்போடு கேட்கலாம் என்பதும் விளங்கும்.

பழந்தமிழர் காலத்தை அளக்க அறியாதவரல்லர். ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை நம் கணக்கில் 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. அரசனது பாசறையில் நாழிகையைக் கணித்துக் கூறுவோர் இருந்தமையை முல்லைப்பாட்டு காட்டுகின்றது. நம் தீவிலும் அம்முறையே இருந்தது. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறையப் பத்தொன்பது ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இதனை விவரிக்கின்றார். அடியிற் சிறு துளையிட்ட செப்புக் கிண்ணமொன்றை நீர் நிறைந்த பானையில் மிதக்கவிடுவர். துளைவழியே நீர் புகுந்து கிண்ணம் நிறைந்து அமிழ்ந்தால் ஒரு நாழிகை கழிந்ததாகக் கொள்வர். ஆயின் இக்கருவியை அரசனைத் தவிர மிகச் சிலரே வைத்திருந்தனர் என்றும், அதனைக் காத்திருந்து பார்ப்பதற்கென்றே அரண்மனையில் ஓர் ஆள் இருந்தான் என்றும் அவர் கூறுகின்றார். ஏனையோருக்கு ஞாயிறே காலங்காட்டி. மாலையில் விரிந்து காலையிற் குவியும் ஒரு பூவைக் கொண்டும் மக்கள் பொழுதறிந்தனர் என அவர் எழுதியிருக்கின்றார். நாம் அந்திமந்தாரை என அழைக்கும் பூவே அஃது என்பர்.

இவ்வாறு, நுண்ணிய காலக் கணக்கு அரண்மனைக்கும் கோயிலுக்கும் சோதிடருக்கும் உரியதாயிருந்தது. உழவனுக்கும் அவன் பிள்ளைக்கும் விடியல், உச்சி, அந்தி என்னும் பெரும் பொழுதுகளே போதியனவாயிருந்தன. அவர்கள் சோம்பர்களல்லர். கோழி கூவுமுன் எழுந்து ஏர் பூட்டியவர்களே. அவர்களது வாழ்வில் நிமிடத்துக்கு வேலை இருக்கவில்லை, அவ்வளவே.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நோக்குவோம். விடியற்காலையிற் பிள்ளைகள் சட்டம்பியார் வீட்டுத் திண்ணையிற் கூடுவர். ஒருவன் மணலில் அகரம் எழுதுவான். மற்றொருவன் ஆத்திசூடி ஓதுவான். வேறொருவன் எண்சுவடி மனனஞ் செய்வான். பெரியவன் நிகண்டு படிப்பான். ஒரே திண்ணையில் இருந்தாலும் ஒவ்வொருவன் பாடமும் வேறு. ஆசிரியர் ஒவ்வொருவனாக அழைத்து அவனவன் பாடத்தைக் கேட்டு, மறுபாடஞ் சொல்லிக் கொடுப்பார். இம்முறையில் ஒருவன் பிந்தி வந்தால் இழப்பு அவனுக்கே. அவனால் மற்றவன் பாடம் நின்றுவிடுவதில்லை.

ஆயினும் முந்தி வருதலுக்கு அங்கும் மதிப்பிருந்தது. சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்டக் கலெக்டராயிருந்த காம்பெல் என்பவர், தம் மாவட்டப் பள்ளிகளைப் பற்றி 1823 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதினார். காலை ஆறு மணியளவிற் பள்ளி தொடங்கும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையிற் சரசுவதியின் பெயரை எழுதுவர். அஃது அவனுக்குப் பெருமை. இரண்டாவதாக வருபவன் கையிற் சுழியம் எழுதுவர். அவனுக்குப் புகழுமில்லை, பழியுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். இம்முறை கடுமையானதென அவரே குறிப்பிடுகின்றார்.

இவ்வழக்கத்தில் நுனித்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அங்கே அளவுகோல் மணிக்கூடன்று, மற்றைய பிள்ளையே. எல்லாரும் விடியுமுன் வந்தாலும் ஒருவன் கடைசியாகத்தான் இருப்பான். அவனுக்கு அடி விழுந்தே தீரும். நேரந் தவறாமை என்பது அங்கு இல்லை; முந்துதல் மட்டுமே உண்டு. இன்று மணியடிக்குமுன் வாயிலைக் கடந்த நூறு பிள்ளைகளும் சமமே. இவ்வகையில், மணிக்கூடு பிள்ளைகளுக்குச் செய்த நன்மையும் ஒன்றுண்டு.

மாற்றம் எங்ஙனம் வந்தது? அதன் ஒரு நுனி சென்னையிலேயே இருக்கின்றது. 1789 ஆம் ஆண்டு முதலாகச் சென்னையில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லமொன்றை நடத்திய அந்திரு பெல் என்னும் பாதிரியார், அயலிலிருந்த உள்ளூர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்திற் புகுத்தி, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். அதனைப் பற்றி 1797 ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். சட்டாம்பிள்ளையை வைத்துப் பாடங் கேட்கும் நம் வழக்கம் ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்து சென்றது. அங்கு யோசேப்பு லங்காஸ்டர் என்பவரும் அதனையொத்த முறையில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே ஆசிரியரின் கீழ் வைத்துக் கற்பித்தார்.

நூற்றுக்கணக்கானோரை ஒருங்கு கற்பிப்பதெனின், எல்லாரும் ஒரே கணத்தில் எழவேண்டும். ஒரே கணத்தில் இருக்கவேண்டும். ஒரே பாடத்தைத் தொடங்கவேண்டும். வகுப்பு என்னும் அமைப்பு இங்ஙனமே உருவாயிற்று. பாடசாலை மணியின் உண்மையான பிறப்பிடமும் வகுப்பே. தனித்தனியே படித்த பிள்ளைகளுக்கு மணி வேண்டியதில்லை; ஒருங்கு படிக்கும் பிள்ளைகளுக்கு அது இன்றியமையாதது.

யாழ்ப்பாணத்துக்கு இம்முறை மிஷனரிமாரோடு வந்தது. அமெரிக்க மிஷனார் 1816 ஆம் ஆண்டிற் தெல்லிப்பழையிற் பணி தொடங்கினர். 1823 ஆம் ஆண்டில் தானியேல் பூவர் தலைமையில் வட்டுக்கோட்டைச் செமினறி எழுந்தது. 1824 ஆம் ஆண்டில் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தோன்றியது. இவை விடுதிகளாதலின் எழுதல், உண்ணல், படித்தல், உறங்கல் ஆகிய யாவும் மணியின் வழியே நடைபெற்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் கற்றவர்களே. அவர்களது புலமைக்கு மணியே காரணமென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் கணிதம், வானசாத்திரம், ஆங்கிலம், தமிழ் ஆகிய பல துறைகளை ஒரே நாளில் ஒழுங்காகக் கற்பிப்பதற்கு நேர அட்டவணை துணைசெய்தது என்பதை மறுக்க முடியாது.

மிஷனாரின் சமயத்தை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலரும் அவர்களது பாடசாலை அமைப்பை விலக்கினாரல்லர். 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், அவர் படிப்படியாக எழுதி அச்சிட்ட பாலபாடங்களும் வகுப்பு முறையைத் தமிழ்ச் சைவச் சூழலில் வேரூன்றச் செய்தன. முதலாம் பாலபாடத்தை முடித்த பின்னரே இரண்டாம் பாலபாடம். வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தைத் திறக்கும். பக்கத்தைத் திறக்கும்போது இல்லாதவன் அப்பக்கத்தை இழப்பான்.

இவ்விடத்திலேயே நேரத்தின் பெறுமதி தெளிவாகின்றது. பாடவேளையின் முதல் ஐந்து நிமிடமே நேற்றைய பாடத்தையும் இன்றைய பாடத்தையும் இணைக்கும் கணு. ஆசிரியர் அப்போதுதான் இன்று எதனைப் படிக்கின்றோம், ஏன் படிக்கின்றோம் என்று கூறுகின்றார். அதனைத் தவறவிட்டவன் எஞ்சிய முப்பத்தைந்து நிமிடமும் வகுப்பில் இருந்தும் இல்லாதவனாகின்றான். சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். நாள்தோறும் 10 நிமிடம் பிந்தும் பிள்ளை, 200 பாடசாலை நாள்களில் 2000 நிமிடங்களை இழக்கின்றான். 40 நிமிடப் பாடவேளை எனக் கொண்டால் அவை 50 பாடவேளைகள். நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை எனின் ஆறு நாளுக்கு மேல். ஒரு வாரத்துக்கு மேலாகப் பள்ளிக்கே செல்லாதவனுக்கு ஒப்பாகின்றான் அவன். மேலும், 40 பேர் கொண்ட வகுப்பில் ஒருவன் இடையிற் புகுவதால் ஒரு நிமிடம் பாடம் தடைப்படின், எல்லாருக்குமாக இழக்கப்படுவது 40 நிமிடம். ஒரு முழுப் பாடவேளை. திண்ணையிற் பிந்தியவன் தன் பொருளைத் தொலைத்தான். வகுப்பிற் பிந்துபவன் பிறர் பொருளையும் தொலைக்கின்றான்.

மணிக்கு அடுத்தபடியாக வந்தது இடாப்பு. இங்கிலாந்தில் 1862 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட திருத்திய விதிகளின்படி, பிள்ளைகளின் சராசரி வரவையும், வாசிப்பு, எழுத்து, கணிதப் பரீட்சைகளில் அவர்கள் பெற்ற தேர்ச்சியையும் கொண்டு பாடசாலைக்குப் பணம் அளக்கப்பட்டது. இலங்கையிலும் 1869 ஆம் ஆண்டிற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின், பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்ற உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது. வரவைக் குறிக்கும் ஒவ்வொரு கோடும் பாடசாலைக்குப் பொருளாயிற்று. இதனால் ஊர்தோறும் பாடசாலைகள் பெருகின, ஒழுங்கும் பெருகிற்று. ஆயின் தீங்கும் விளையாமலில்லை. பிள்ளை கற்றானா என்பதைக் காட்டிலும் பிள்ளை எண்ணப்பட்டானா என்பதே பெரிதாயிற்று. வருகை கல்விக்கு வாயிலேயன்றி, கல்வியாகாது. இப்பாடத்தை இடாப்பின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

நேரத்துக்கு வரவேண்டுமெனின் நேரம் எதுவெனத் தெரியவேண்டுமன்றோ? நெடுங்காலமாகச் சாதாரணக் குடும்பங்களில் மணிக்கூடு இருக்கவில்லை. கோயிற் பூசை மணியும் கோவில் மணியும் தூரத்து மசூதியின் பாங்கொலியுமே வீடுகளுக்கு நேரம் உணர்த்தின. வேல்ஸ் இளவரசர் 1875 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம் 1882 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. 1902 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடலாயிற்று. 1905 ஆம் ஆண்டில் அப்பாதை கொழும்புவரை இணைந்தது. புகையிரதம் எவருக்காகவும் காத்திராதாதலின் நிமிடம் என்னும் சொல் ஊராருக்கும் பொருளுடையதாயிற்று. 1906 ஆம் ஆண்டில் இலங்கை நேரம் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னதாக நிலைநாட்டப்பட்டபோது, தீவின் மணிக்கூடுகள் ஏறக்குறையப் பத்தரை நிமிடம் முன்தள்ளி வைக்கப்பட்டன. பின்னர், 1925 ஆம் ஆண்டிற் கொழும்பில் வானொலி நிலையம் முறையாகத் தொடங்கியதன்பின், வானொலியின் நேர ஒலியே வீட்டு மணிக்கூட்டைத் திருத்தும் குருவாயிற்று.

எனினும் நேரம் எல்லாருக்கும் ஒரே வகையாக வரவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கே விடியுமுன் தப்பொலி லயங்களை எழுப்பும். தாயும் தந்தையும் பெரட்டுக்களத்திற் குறித்த வேளைக்கு நிற்கவேண்டும்; பிந்தினால் அன்றைய வேலையும் கூலியும் போய்விடும். பெற்றோர் நேரந் தவறாது மலையேறிய பின், கைக்குழந்தையைப் பார்ப்பதும் தம்பி தங்கைக்கு உணவு கொடுப்பதும் மூத்த பிள்ளையின் பொறுப்பாயின. அப்பிள்ளை பள்ளிக்குப் பிந்தி வந்தால் அதனைச் சோம்பலென்று கூறமுடியுமா? ஒரு மணிக்குக் கீழ்ப்படிந்த குடும்பம் மற்றொரு மணிக்குப் பிந்தியது என்பதே உண்மை. 1970 களில் தொடங்கித் தோட்டப் பாடசாலைகள் அரசின் கீழ் வந்து, ஏனைய பாடசாலைகளோடு ஒருங்கு எண்ணப்படுதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

மணிக்கூடே இடம்பெயர்ந்த காலங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஆம் ஆண்டு சனவரியில் இலங்கை நேரம் அரை மணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணி. 1945 ஆம் ஆண்டு ஒற்றோபரிற் பழைய நேரம் மீண்டது. அதே ஒற்றோபர் மாதத்தில், கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது.

மீண்டும் 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில், மழை பொய்த்து மின்சாரம் தட்டுப்பட்டபோது, நாட்டின் மணிக்கூடு ஒரு மணி முன்தள்ளப்பட்டது. கொழும்பில் ஆறு மணிக்குச் சற்று முன் உதித்த ஞாயிறு ஏழு மணிக்குச் சற்று முன் உதிப்பதாயிற்று. ஞாயிறு மாறவில்லை; பிள்ளை எழும் வேளையே மாறியது. அவ்வாண்டு ஒற்றோபரில் அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி ஏறக்குறையப் பத்தாண்டுகள் நின்றது. தை, மாசி மாதங்களிற் காலை ஏழு மணியளவிற் பொழுது புலர்ந்தது. தொலைவிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் இருளிற் புறப்பட்டனர். வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. எல்லையைக் கடப்போர் மணிக்கூட்டையும் திருத்தவேண்டியிருந்தது. 2006 ஆம் ஆண்டு ஏப்ரலிற் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பழைய நேரம் மீட்கப்பட்டது. அதற்கு எடுத்துரைக்கப்பட்ட காரணங்களுள், இருளில் எழுந்து பள்ளி செல்லும் பிள்ளைகளின் துன்பமும் ஒன்று. ஒரு நாடு தன் மணிக்கூட்டையே பிள்ளைகளுக்காகத் திருத்தியது சிறிய செய்தியன்று.

போர்க்காலத்திற் பாடசாலை மணி வேறொரு பொருளையும் பெற்றது. 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நின்றது, தண்டவாளங்கள் பெயர்ந்தன. நாட்டின் பல கிராமப் பாடசாலைகளில் மரக்கிளையிற் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டே மணியாக இருந்து வந்திருக்கின்றது. புகையிரதமற்ற வடபகுதியிலும் அத்துண்டு ஒலித்தது. 1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபின், தென்மராட்சியிற் பாடசாலைகள் பல அகதிகளுக்கு உறைவிடமாயின. ஒரு கட்டடத்தில் முற்பகல் ஒரு பாடசாலையும் பிற்பகல் வேறொரு பாடசாலையும் நடைபெற நேர்ந்தது. அவ்வாறான இடத்தில் முன்னவர் நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு எழாவிடின் பின்னவருக்குப் பாடமே இல்லை. வீட்டையும் நூலையும் இழந்த பிள்ளைகளுக்குக் குறித்த வேளையிற் குறித்த இடத்துக்குச் செல்லுதல் என்பது எஞ்சியிருந்த ஒழுங்காக நின்றது. புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 ஆம் ஆண்டிலே.

இலவசக் கல்வியின் நாட்டிலே பாடசாலை நேரம் ஒருவருக்கும் தனியுரிமையன்று. பிள்ளை கட்டணஞ் செலுத்துவதில்லை. ஊரார் அனைவரும் வரியாகச் செலுத்துகின்றனர். 1997 ஆம் ஆண்டின் விதிகள் 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பாடசாலை வரவைக் கட்டாயமாக்கின. 2016 ஆம் ஆண்டில் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்கு அழைக்கின்றது. நேரத்துக்கு அழைத்து வருவது சட்டத்தால் மட்டும் இயலுவதன்று. முதனாளிரவே புத்தகத்தை அடுக்கிவைக்கும் பழக்கம் பிள்ளையிடம் வேண்டும். நேரத்துக்கு உறங்கவைத்துக் காலை உணவு கொடுக்கும் கருத்து பெற்றோரிடம் வேண்டும். குறித்த வேளைக்கு வரும் பஸ் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, மணியடித்தவுடன் வகுப்புக்குள் நிற்கும் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் பிந்தும் வகுப்பில் மாணாக்கருக்கு நேரந் தவறாமையைப் போதித்தல் வீண்.

பிந்தி வந்த பிள்ளையை வாயிலுக்கு வெளியே நிறுத்துதல் எளிது. ஆயின் பத்து நிமிடம் இழந்தவனுக்கு மேலும் ஒரு பாடவேளையை இழக்கச் செய்வதாற் பயன் யாது? முதலில் அவனை வகுப்புக்குள் அனுப்பி, பின்னர் காரணம் வினவுதலே முறை. காரணம் சோம்பலாயிற் கண்டிக்கலாம். காரணம் தூரமோ, பசியோ, தொட்டிலில் அழும் தம்பியோ ஆயின், திருத்தப்படவேண்டியவன் அப்பிள்ளையல்லன். நேரத்துக்கு வர இயலும் பிள்ளைகள் நேரத்துக்கு வருவதும், இயலாத பிள்ளைகளுக்கு அதனை இயலச் செய்வதும் ஒருங்கே நடைபெறும்போதுதான் மணி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மணியாகும்.